டிஃபெண்டர் ஒருவர் கோச் ஆன கதை: யூர்கன் க்ளோப்பும் நால்வர் வரிசையும்

2001 பிப்ரவரி கடைசி வாரம். ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு லீக்கில் ஆடிவந்த மைன்ஸ் என்ற சிறிய கிளப், மூன்றாம் பிரிவுக்குச் சரிந்துவிடும் நிலையில் இருந்தது. கோச் எக்கார்ட் க்ராவுட்சுனை நீக்கிவிட்டார்கள். அடுத்த ஆட்டமோ தலைக்கு மேல் வந்து நிற்கிறது. கிளப்பின் மேலாளர் கிறிஸ்டியான் ஹைடல், வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவராமல், அணிக்குள்ளேயே இருந்த ஒரு டிஃபெண்டரைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கையில் கொடுத்தார். அந்த டிஃபெண்டருக்கு அப்போது வயது 33. நேற்றுவரை அதே உடைமாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கட்டியவர்களுக்கு இன்று அவர்தான் கோச். முதல் ஆட்டத்தில் டூயிஸ்பர்க் அணியை மைன்ஸ் 1–0 என வென்றது. அடுத்தடுத்தும் வென்றது. அந்தப் பருவம் முடியும்போது கிளப் இரண்டாம் பிரிவிலேயே தங்கிவிட்டது.

அவர்தான் யூர்கன் க்ளோப். 18 வருடம் கழித்து இங்கிலாந்தின் லிவர்பூல் அணியோடு, ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியவர்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சிரிப்பையும், ஆட்டக்காரர்களைக் கட்டிப்பிடிக்கும் பாசத்தையும், மைதான ஓரத்தில் அவர் குதிப்பதையும்தான் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டாம் பிரிவைத் தாண்டாத ஓர் ஆட்டக்காரர் உலகின் முன்னணி கோச்சுகளில் ஒருவர் ஆனதற்கு அது மட்டும் போதாது. டிஃபெண்டராக இருந்த காலத்தில் அவர் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டார். பின்னால் அவர் செய்த எல்லாமே அந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை என்பது என் எண்ணம். அது என்ன என்பதைக் கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

டிஃபெண்டர் நிற்கும் இடம்

ஓர் அணியில் 11 பேர். கோல்கீப்பருக்கு முன்னால், தங்கள் கோலைக் காக்கும் வேலையில் நிற்பவர்கள் டிஃபெண்டர்கள், தமிழில் தடுப்பாட்டக்காரர்கள். பொதுவாக நான்கு பேர்: நடுவில் இரண்டு, ஓரங்களில் இரண்டு. அவர்களுக்கு முன்னால் நடுக்கள ஆட்டக்காரர்கள். அதற்கும் முன்னால், எதிரணியின் கோலுக்கு அருகே ஸ்ட்ரைக்கர்கள்.

ஸ்ட்ரைக்கர் பாதி நேரம் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பந்தை வாங்குகிறார். நடுக்களத்தில் இருப்பவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆட்கள். டிஃபெண்டர் நிற்பதோ எல்லாருக்கும் பின்னால். தன் அணியினரின் முதுகும் எதிரணியினரின் முகமும் அவருக்கு ஒரே பார்வையில் தெரியும். அதனால் பேச வேண்டிய கடமையும் அவருக்கு வந்துவிடுகிறது. "இடது பக்கம் ஆள்!", "மேலே ஏறு!", "விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பார். கோச்சின் வேலையில் ஒரு பெரும் பகுதி இதுதானே: பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்ப்பது, முன்னால் இருப்பவருக்குத் தெரியாததைச் சொல்வது.

இன்னொன்றும் உண்டு. ஸ்ட்ரைக்கர் ஒன்பது வாய்ப்பைக் கோட்டைவிட்டுப் பத்தாவதில் கோல் போட்டால் அன்றைக்கு அவர்தான் நாயகன். டிஃபெண்டர் 89 நிமிடம் சரியாக நின்று, ஒரே ஒரு முறை ஓரடி தப்பாக வைத்தால் ஆட்டம் போய்விடும். அதனால் இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியே ஓயாமல் யோசிக்கும் பழக்கம் அவருக்குள் ஊறிவிடுகிறது. பந்து எங்கோ அந்தக் கோடியில் இருக்கும்போதே, மூன்று பாஸ் கழித்து அது எங்கே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

க்ளோப் பிறவி டிஃபெண்டர் கிடையாது. 1990ஆம் ஆண்டு மைன்ஸில் சேர்ந்தபோது அவர் ஸ்ட்ரைக்கர். உயரமானவர், ஓடுவார், தலையால் நன்றாக முட்டுவார். 1991இல் எர்ஃபுர்ட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல் போட்டிருக்கிறார். ஆனால் பந்து காலில் நிற்க வேண்டுமே, அங்கேதான் குறை. மூளை மேல்பிரிவு ஆட்டத்தைப் புரிந்துகொள்கிறது, கால்கள் அதைச் செய்துகாட்ட மறுக்கின்றன என்ற பொருளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 90களின் நடுவில் அவரைப் பின்னுக்கு இழுத்து வலது ஓர டிஃபெண்டர் ஆக்கினார்கள். கடைசிவரை மைன்ஸை விட்டுப் போகவில்லை. 325 லீக் ஆட்டங்கள், 52 கோல்கள், எல்லாமே இரண்டாம் பிரிவில். அதற்கிடையே ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்துப் பட்டமும் வாங்கினார்.

ஆளைப் பிடிப்பதா, இடத்தைக் காப்பதா?

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். எதிரணி தாக்க வரும்போது அதைத் தடுக்க அடிப்படையில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஆளைப் பிடிப்பது. "நீ ஒன்பதாம் நம்பரைப் பார்த்துக்கொள், நீ பதினொன்றாம் நம்பரைப் பார்த்துக்கொள்" என்று ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர் எங்கே போனாலும் நீங்களும் பின்னாலேயே போக வேண்டும். இவர்களுக்குப் பின்னால் கூடுதலாக ஒருவர், யாரையும் பிடிக்காமல், தப்பி வருவதையெல்லாம் துடைப்பதற்கு நிற்பார். அவருக்கு லிபரோ என்று பெயர். இத்தாலிய மொழியில் சுதந்திரமானவர் என்று பொருள். ஜெர்மனியில் இந்த முறைக்குப் பெரிய மரியாதை இருந்தது. காரணம் ஃபிரான்ஸ் பெக்கன்பவர். லிபரோவாக நின்றுகொண்டே முன்னேறிப் போய்த் தாக்குதலையும் தொடங்கிவைத்த மேதை அவர். 1974 உலகக் கோப்பையைக் கேப்டனாக வென்றார்.

ஆளைப் பிடிக்கும் முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நீங்கள் பிடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்றே ஓரக்கோட்டுக்கு நடந்து போகிறார் என்று வையுங்கள். நீங்களும் பின்னாலேயே போகிறீர்கள். நடுவில் நீங்கள் விட்டுவந்த இடம் காலி. அங்கே வேறொருவர் ஓடிவந்து பந்தை வாங்கிக்கொள்கிறார். அதாவது நீங்கள் எங்கே நிற்பது என்பதை எதிராளிதான் முடிவு செய்கிறார். இன்னொன்று, இந்த முறையில் ஆட்டம் தனித்தனிச் சண்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. தனித்தனியாக மோதினால் திறமை கூடியவர்தான் ஜெயிப்பார். பணமில்லாத சிறிய அணிக்கு அதில் பிழைக்க வழியே இல்லை.

இரண்டாவது வழி, இடத்தைக் காப்பது. யாரும் யார் பின்னாலும் ஓடுவதில்லை. நான்கு டிஃபெண்டர்களும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் ஒரு வரிசையாக நிற்கிறார்கள். பந்து நகர நகர அந்த வரிசையும் நகர்கிறது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெரிய மைதானங்களின் அகலம் பொதுவாக 68 மீட்டர். நான்கு பேரும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 17 மீட்டர். அவ்வளவு இடைவெளியில் நிற்கும் இருவருக்கு நடுவே போகும் பாஸை யாராலும் மறிக்க முடியாது. அதனால் அவர்கள் 68 மீட்டரையும் காக்க முயல்வதே இல்லை. பந்து இடது ஓரத்தில் இருந்தால் நால்வரும் சேர்ந்து இடப்பக்கம் நகர்ந்து நெருங்கிக்கொள்கிறார்கள். வலது ஓர டிஃபெண்டர் ஏறக்குறைய மைதானத்தின் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறார். வலது ஓரம் வெறிச்சென்று கிடக்கும். எதிரணிக்காரர் ஒருவர் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு பந்து கேட்பார். கேட்கட்டும். பந்து அவரிடம் போய்ச் சேர 40 மீட்டருக்கு மேல் காற்றில் வர வேண்டும். அது பறந்து வரும் நேரத்தில் நால்வரும் சேர்ந்து அந்தப் பக்கம் ஓடிவிடுவார்கள். எது உடனே ஆபத்து, எது கொஞ்ச நேரம் கழித்து ஆபத்து என்று பிரித்துப் பார்த்து, முதலாவதை மட்டும் இப்போது அடைக்கிறார்கள்.

பந்தை வைத்திருப்பவரை நோக்கி நால்வரில் ஒருவர் வெளியே போனால், பக்கத்தில் இருப்பவர் அவருக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக வந்து நிற்கிறார். முன்னால் போனவர் ஏமாந்தாலும் அடுத்தவர் இருக்கிறார். மற்ற இருவரும் அதே அளவு உள்ளே நெருங்குகிறார்கள். ஒருவர் ஓரடி வைத்தால் நால்வரும் ஓரடி வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் மறந்து நின்றுவிட்டால் வரிசை அறுந்துவிடும்.

அப்புறம் முன்னும் பின்னும் போவது. இதற்கு ஆஃப்சைடு விதி தெரிந்திருக்க வேண்டும். எதிரணியின் பாதியில் இருக்கும் ஒருவருக்குப் பாஸ் கொடுக்கும் கணத்தில், அவர் பந்தையும் எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டிக் கோல் கோட்டுக்கு அருகே நிற்கக் கூடாது. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர்தான். ஆக, டிஃபெண்டர்களின் வரிசை எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லைக் கோடு. வரிசை பத்து மீட்டர் முன்னேறினால் எதிரணி ஸ்ட்ரைக்கரும் பத்து மீட்டர் பின்வாங்கியே ஆக வேண்டும். மைதானத்தையே சுருக்கிவிடலாம்.

எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது? பந்து வைத்திருப்பவரின் தலையைப் பார்க்க வேண்டும். அவர் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அல்லது முதுகைக் காட்டி நின்றால், அவரால் இப்போது நீளமான பாஸ் கொடுக்க முடியாது. வரிசை முன்னேறலாம். அவர் தலை நிமிர்ந்துவிட்டார், யாரும் அவரை நெருக்கவில்லை, காலை ஓங்குகிறார் என்றால் உடனே பின்வாங்க வேண்டும். ஒரு மனிதரின் கழுத்து நிமிரும் கோணத்தைப் பார்த்து நான்கு பேர் ஒரே நொடியில் ஒரே முடிவெடுக்கிறார்கள். கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

சாக்கி என்ற வழிகாட்டி

இந்த முறையை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் இத்தாலியின் அரிகோ சாக்கி. 1987இல் ஏசி மிலான் அணியின் கோச் ஆனார். 1989, 1990 என அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. அதைச் சுட்டிக் கேட்டவர்களுக்கு, குதிரை ஓட்டுவதற்கு முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று தனக்குத் தெரியாது என்றார்.

எங்கே நிற்பது என்று முடிவு செய்ய ஆட்டக்காரர் நான்கைப் பார்க்க வேண்டும் என்பது சாக்கியின் பாடம்: பந்து, இடம், எதிராளி, தன் அணியினர். ஆளைப் பிடிக்கும் முறையில் பார்ப்பது ஒன்றே ஒன்று, எதிராளி. வித்தியாசம் அங்கேதான்.

மிலானின் நட்சத்திரங்களுக்கு இதில் முதலில் நம்பிக்கை வரவில்லை. சாக்கி பின்னாளில் சொன்ன ஒரு பயிற்சி இது. ஒரு பக்கம் ஐந்தே பேர்: கோல்கீப்பர் ஜியோவான்னி கல்லி, டிஃபெண்டர்கள் தசோட்டி, கோஸ்டாகுர்டா, பரேசி, மால்டினி. எதிரே பத்துப் பேர், அதில் குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்டு எல்லாரும் உண்டு. 15 நிமிடத்துக்குள் ஒரு கோல் போட வேண்டும். பந்தைப் பறிகொடுத்தால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்தப் பயிற்சியைப் பலமுறை செய்தும் பத்துப் பேரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள், ஐந்துக்குப் பத்து. அந்தப் பத்துப் பேரில் அன்றைய உலகின் தலைசிறந்த தாக்குதல் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். சரியான இடைவெளியில் நிற்கும் ஐந்து பேர் அவர்களைச் சும்மா நிற்கவைத்துவிட்டார்கள்.

மைன்ஸில் நடந்தது

1995 செப்டம்பரில் வுல்ஃப்காங் ஃபிராங்க் மைன்ஸின் கோச் ஆனார். தன் காலத்தில் ஸ்ட்ரைக்கராக ஆடியவர், ஆனால் சாக்கியின் மிலானை ஊன்றிப் படித்தவர். அந்தக் குளிர்கால இடைவேளையில் மைன்ஸ் பட்டியலின் அடியில் கிடந்தது. ஃபிராங்க் லிபரோவைத் தூக்கிவிட்டு நால்வர் வரிசைக்கு மாறினார். அன்றைய ஜெர்மனியில் இது துணிச்சலான வேலை. தேசிய அணியே லிபரோவோடுதான் ஆடியது. அதே முறையில் 1996இல், நாடுகளுக்கிடையே நடக்கும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது.

பயிற்சி எப்படி இருந்தது என்று க்ளோப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். சாக்கியின் தடுப்புப் பயிற்சி வீடியோவை ஃபிராங்க் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். மைதானத்தில் கம்புகள் நட்டிருக்கும். பந்து கிடையாது. பந்து இங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து நகர வேண்டும், இப்போது அங்கே போய்விட்டது என்றால் அந்தப் பக்கம் நகர வேண்டும். மணிக்கணக்காக இதையே செய்தார்கள். பார்க்கவும் செய்யவும் சலிப்பூட்டும் பயிற்சிதான்.

ஆனால் முடிவுகள் மாறின. கடைசியில் கிடந்த அணி அந்தப் பருவத்தில் தப்பித்தது. அடுத்த பருவத்தில் முதல் பிரிவின் வாசல்வரை போய், 1997இல் கடைசி நாள் ஆட்டத்தில் வுல்ஃப்ஸ்பர்கிடம் 5–4 எனத் தோற்று வெளியே நின்றது. அதுவரை எதிரணி ஆட்டக்காரர்கள் நம்மைவிடச் சிறந்தவர்களாக இருந்தால் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தோம், சரியாக நின்றால் அவர்களையும் வெல்லலாம் என்பதை அப்போதுதான் கற்றோம் என்பது க்ளோப்பின் வாக்குமூலம்.

அவருடைய வாழ்க்கையில் இதைவிட முக்கியமான திருப்பம் கிடையாது என்று நான் நினைக்கிறேன். தன் கால்களின் எல்லை என்ன என்று தெரிந்த ஓர் ஆட்டக்காரர் அவர். அந்த எல்லைக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது, அதைக் கற்கலாம், இன்னொருவருக்குக் கற்றும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்த இடம் அது. பிறவித் திறமையால் ஆடுகிறவருக்குத் தான் செய்வதை விளக்கிச் சொல்வது சிரமம். படிப்படியாகக் கற்றுத் தேறியவருக்கு ஒவ்வொரு படியும் நினைவில் இருக்கும்.

ஜெர்மனி முழுக்க இந்த மாற்றத்தை ஏற்க நேரம் எடுத்தது. 1998 டிசம்பரில் ரால்ஃப் ராங்னிக் என்ற கோச், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பலகையில் காந்த வில்லைகளை ஒட்டி நால்வர் வரிசையை விளக்கியபோது, அவரைப் 'பேராசிரியர்' என்று கிண்டல் செய்தார்கள். 2000 ஐரோப்பியக் கோப்பையில் 39 வயது லோதர் மத்தேயஸை லிபரோவாக நிறுத்தி ஆடிய ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. கிண்டல் அதற்குப் பிறகுதான் அடங்கியது.

கோச்சாக

ஆக, 2001இல் ஹைடல் க்ளோப்பைக் கூப்பிட்டது கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை. ஃபிராங்க் சொல்லிக்கொடுத்த முறை அணியில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதை மறுபடி உயிர்ப்பிக்க அதை மைதானத்தில் வாழ்ந்து பார்த்த ஒருவர் தேவைப்பட்டார். க்ளோப் முதல் 7 ஆட்டங்களில் 6ஐ வென்றார்.

அதற்குப் பின் வந்த இரண்டு வருடங்கள் மனதைப் பிசைபவை. 2002இல் ஒரே ஒரு புள்ளியில் முதல் பிரிவு கைநழுவியது. 2003இல் அதைவிடக் கொடுமை. கடைசி நாளில் மைன்ஸ் தன் ஆட்டத்தை 4–1 என வென்றுவிட்டது. வேறொரு மைதானத்தில் ஃபிராங்க்ஃபர்ட் அணி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கோல்களைப் போட்டு, மொத்தக் கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் முன்னால் போய் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1997ஐயும் சேர்த்தால் க்ளோப்புக்கு இது மூன்றாவது முறை. 2004இல் ஒருவழியாக மைன்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக முதல் பிரிவுக்கு ஏறியது. 2007இல் மறுபடி கீழே இறங்கியது. 2008இல் க்ளோப் கண்ணீரோடு விடைபெற்று, முதல் பிரிவு கிளப்பான டோர்ட்மண்டுக்குப் போனார்.

டோர்ட்மண்டில்தான் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் உலகெங்கும் பரவியது: கேகன்பிரெஸ்ஸிங். ஜெர்மன் சொல். பந்தைப் பறிகொடுத்த அதே நொடியில், பின்னால் ஓடாமல், அங்கேயே பாய்ந்து அதைத் திரும்பப் பறிப்பது. பார்ப்பதற்கு இது வெறி பிடித்த தாக்குதல்போல் தெரியும். உண்மையில் இது ஒரு டிஃபெண்டரின் யோசனை.

எப்படி என்று சொல்கிறேன். எதிரணிக்காரர் ஒருவர் இப்போதுதான் உங்களிடமிருந்து பந்தைப் பறித்திருக்கிறார். அதற்காகக் குனிந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது, கண் பந்தின் மேலேயே இருக்கிறது. தன் அணியினர் எங்கே நிற்கிறார்கள் என்று இன்னும் பார்க்கவில்லை. மேலே சொன்ன அதே குனிந்த தலை! அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நெருக்கினால் பந்து திரும்ப வந்துவிடும். அது வரும் கணத்தில் எதிரணி தாக்குவதற்காக விரிந்து போய்க்கொண்டிருக்கும், அவர்களுடைய கோலுக்கு முன்னால் வழி திறந்திருக்கும். நல்ல கேகன்பிரெஸ்ஸிங் உருவாக்கும் வாய்ப்பை உலகின் எந்த மேதை நடுக்கள ஆட்டக்காரராலும் உருவாக்க முடியாது என்பது க்ளோப்பின் புகழ்பெற்ற கருத்து.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நெருக்குவதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது தாக்கும்போதே, பந்து பறிபோனால் என்ன செய்வது என்று யோசித்து, ஒருவருக்கொருவர் கிட்டக்கிட்ட நிற்க வேண்டும். பின்வரிசையும் தைரியமாக முன்னேறி வந்து இடைவெளியை அடைக்க வேண்டும். நால்வர் வரிசைக்குச் சொன்ன அதே பாடத்தை 11 பேருக்கும் விரித்து, எதிரணியின் பாதிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அங்கே பின்வரிசையின் நடுவில் அவர் நிறுத்தியது இரண்டு இளைஞர்களை: மாட்ஸ் ஹம்மல்ஸ், மைன்ஸிலிருந்து தன்னோடு கூட்டிவந்த நெவன் சுபோடிச். 2010–11 பருவத்தில் டோர்ட்மண்ட் லீக்கை வென்றது. 34 ஆட்டங்களில் வாங்கிய கோல் 22தான். அடுத்த வருடம் லீக்கோடு ஜெர்மன் கோப்பையும் சேர்ந்து வந்தது. 2013 மே மாதம் வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பயர்ன் மியூனிக்கிடம் 2–1 எனத் தோற்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் வுல்ஃப்காங் ஃபிராங்க் காலமானார். தன் மாணவர் அவ்வளவு உயரத்துக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கும்போது எனக்கு ஏதோ ஒரு நிறைவு.

லிவர்பூல் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 அக்டோபரில் போனார். சலா, மானே, ஃபிர்மினோ என்ற தாக்குதல் மூவரைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் அணி முழுமையானது 2018 ஜனவரியில் டிஃபெண்டர் வர்ஜில் வான் டைக் வந்தபோது. அடுத்த பருவத்தில் லீக்கின் 38 ஆட்டங்களில் லிவர்பூல் வாங்கிய கோல், பாருங்கள், மறுபடியும் 22. 97 புள்ளிகள் எடுத்தும் லீக்கில் இரண்டாம் இடம்தான், ஆனால் சாம்பியன்ஸ் லீக் கிடைத்தது. 2019–20 பருவத்தில் 99 புள்ளிகளோடு, 30 வருடக் காத்திருப்புக்குப் பின், இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக் பட்டமும் வந்தது.

2019 ஜூன் 1 அன்று மாட்ரிடில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே டோட்டன்ஹாம். அதன் கோச் மொரிசியோ போச்செட்டினோ, அர்ஜென்டினாவின் முன்னாள் நடுத் தடுப்பாட்டக்காரர். ஆக ஐரோப்பாவின் ஆகப் பெரிய ஆட்டத்தில் இரண்டு பக்கமும் மைதான ஓரத்தில் நின்றவர்கள் பழைய டிஃபெண்டர்கள்.

மற்றவர்கள்

டிஃபெண்டராக இருந்தாலே நல்ல கோச் ஆகிவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் ஆர்சனல் அணிக்குப் பல வருடம் கேப்டனாக இருந்து பின்வரிசையைக் கட்டிக்காத்த டோனி ஆடம்ஸ் கோச்சாக அந்த உயரத்தை எட்டவில்லை. பெரிய கோச்சுகளான கார்டியோலா, ஆஞ்சலோட்டி இருவரும் நடுக்களத்திலிருந்து வந்தவர்கள். சாக்கியைப் பற்றி ஏற்கனவே சொன்னேன்.

ஆனாலும் பட்டியல் நீளமானதுதான். பெக்கன்பவர் 1990இல் மேற்கு ஜெர்மனிக்குக் கோச்சாகவும் உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். முறையான பயிற்சியாளர் உரிமம் அவரிடம் இல்லாததால் 'அணித் தலைவர்' என்ற பொருள்படும் டீம்ஷெஃப் என்ற பதவிப் பெயரைக் கொடுத்திருந்தார்கள். 2022இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த லியோனல் ஸ்கலோனி வலது ஓரத்தில் ஆடியவர்.

தோமஸ் டூகலின் கதை இன்னும் நெருக்கமானது. ஊல்ம் என்ற சிறிய அணியில் டிஃபெண்டராக இருந்தார், அங்கே அவருடைய கோச் 'பேராசிரியர்' ராங்னிக். முழங்கால் குருத்தெலும்பு சிதைந்து, 25 வயது வாக்கிலேயே ஆட்டம் முடிந்துபோனது. பின்னாளில் மைன்ஸ், டோர்ட்மண்ட் என்று க்ளோப் இருந்த அதே கிளப்புகளுக்குக் கோச்சாக வந்து, 2021இல் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். அவரிடம் எதிரணிகளை நோட்டம் பார்த்துச் சொல்லும் வேலை செய்த ஜூலியன் நாகல்ஸ்மானும் காயத்தால் 20 வயதில் ஆட்டத்தை நிறுத்திய டிஃபெண்டர்தான். 28 வயதில் ஹோஃபன்ஹைம் என்ற முதல் பிரிவு அணிக்குக் கோச் ஆனார். க்ளோப், டூகல், நாகல்ஸ்மான் மூவருக்கும் கால்கள் ஏதோ ஒரு விதத்தில் கைகொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஓர் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து ஓர் ஓரத்தில் இருக்கும்போது மறு ஓரத்து டிஃபெண்டரைத் தேடுங்கள். டிவியில் பாதி நேரம் அவர் திரைக்கு வெளியே இருப்பார், அகலமான காட்சி வரும்போதுதான் அகப்படுவார். பந்துக்கும் அவருக்கும் 40 மீட்டர் தூரம் இருக்கும். ஆனாலும் சும்மா நிற்க மாட்டார். இரண்டடி உள்ளே வருவார், தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்ப்பார், ஓரடி முன்னேறுவார், மறுபடி திரும்பிப் பார்ப்பார். வாய் அசைந்துகொண்டே இருக்கும்.